மூன்றாவது பெயர்

மக்கள் பதிவேட்டைக் கவனிக்கும் குடியேட்டு மையத்தின் வாசல் கதவுக்கு முன்னால் ஒரு பெரியவர் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கதவு அது. இவருக்குத் திறக்கவில்லை. அவர் நகர்ந்து நின்று பார்த்தார், கையை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் கதவைப் பார்த்து ஒரு வணக்கம்கூட வைத்தார். எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த மிருதுளாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கதவு ஏன் திறக்கவில்லை என்று புரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கதவுக்கு யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

பெரியவர் அலுத்துப்போய்ச் சாலையைக் கடந்து பேக்கரிக்கே வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மிருதுளாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஏனுங்க அம்முணி, உள்ளார வேலை பாக்கறீங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"பேரு மயில்சாமிங்க. சிங்காநல்லூர்ல இருக்கறனுங்க. நானும் என்ர சிநேகிதன் செபாஸ்டினும் ஒரே ரூம்ல இருக்கறமுங்க. ஒண்ணாந்தேதி எங்க ரெண்டு பேர்த்து பதிவையும் மூடிப்போட்டாங்கங்க. ரேசன்ல பேரே இல்லீங்கறாங்க. ரூம் கதவு தொறக்க மாட்டீங்குது, வீட்டுக்காரம்மா வந்து தொறந்து வுடறாங்க. எனக்குப் பரவால்லீங்க. அவனுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ் போடோணும். ஆஸ்பத்திரி மிஷினு அவன் நம்பரைச் சொன்னா ஓட மாட்டீங்குதுங்க."

இது நடந்தது இரண்டாயிரத்து அறுபத்திரண்டில். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே கைரேகை, முகம், கண், குரல் எல்லாவற்றையும் இயந்திரங்கள் அச்சு அசலாகச் செய்துகாட்டத் தொடங்கியிருந்தன. இல்லாத ஆட்களின் பெயரில் அரிசி போயிற்று, மருந்து போயிற்று, வீடுகூடப் போயிற்று. அதிகாரி நேரில் பார்த்துச் சொல்லட்டும் என்றால், அதிகாரிகள் பார்க்காமலேயே சொல்லப் பழகியிருந்தார்கள். கடைசியில் அரசு ஒரு பழைய வழிக்கே திரும்பியது. ஒருவர் இருக்கிறார் என்பதற்கு இன்னொருவர் சொல்வதே சாட்சி. ஆளுக்கு மூன்று பேரைச் சொல்லலாம், அதற்கு மேல் கிடையாது. மாதம் பிறந்ததும் போனில் கேள்வி வரும்: இவரைக் கடந்த மாதம் நேரில் பார்த்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பொய் சொன்னது தெரிந்தால் சொன்னவரின் பதிவு ஒரு வருடத்துக்கு மூடப்படும்.

மூன்றே இடம் என்றதும் குடும்பங்களில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மாமியாரைச் சேர்த்தால் அம்மாவுக்கு மனத்தாங்கல், அண்ணனைச் சேர்த்தால் அக்காவுக்கு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காததைக்கூட மன்னித்த சனங்கள், சாட்சிப் பெயரிலிருந்து எடுத்ததை மன்னிக்கவில்லை. பெரிய குடும்பத்துக்காரர்களுக்குப் பேர் குவிந்து கிடந்தது. யாருமில்லாதவர்கள் டீக்கடையில் பழகியவர்களிடம் கூச்சத்தோடு கேட்டுப் பார்த்தார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் யாருங்க சாட்சி?" என்று கேட்டாள் மிருதுளா. கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"எனக்கு அவன், அவனுக்கு நானுங்க. நாங்க சோறு டெலிவரி பண்ணிட்டிருந்தவங்க, பைக்கு ஓட்டி. அப்பறம் அதுக்கும் மிஷினு வந்துருச்சு. போன மாசம் வரைக்கும் நான் ஒரு கடையில காவலுக்கு இருந்தனுங்க, அதுவும் போயிருச்சு. ரெண்டு பேரும் கல்யாணம் காச்சி பண்ணிக்கலீங்க. முப்பத்தஞ்சு வருசமா ஒரே ரூமு. வேற ஆரு எங்களுக்கு?"

"அக்கம்பக்கத்துல கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்காம இருப்பனுங்களா? வீட்டுக்காரம்மாவுக்கு மூணும் பேரப்புள்ளைங்களுக்கே பத்தலை. மத்தவிங்க பயப்படறாங்க. நாளைக்கு ஏதாச்சும் வில்லங்கம்னா அவிங்க பதிவையும் மூடிருவாங்கல்லங்க. தப்பு சொல்ல முடியாது."

மிருதுளா தலையாட்டினாள். மூன்று வருடங்களுக்கு முன்பு வரை குடியேடு தலையை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தது. உன்னை ஒருவராவது சொன்னால் நீ இருக்கிறாய். அதை மாற்றி எழுதியவள் அவள். அவள் எழுதிய நிரலுக்கு அலுவலகத்தில் சீமாறு என்று செல்லப்பெயர். கணினி உலகத்தில் மிகப் பழைய வேலைதான் அது. யாரும் பயன்படுத்தாத இடங்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பது. முதல் மாதமே பதினோரு லட்சம் பேய்ப் பெயர்களைப் பெருக்கித் தள்ளியது சீமாறு. அமைச்சர் வந்து கை குலுக்கினார். கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கின் படம் இன்னமும் அவள் மேசையில் இருந்தது.

"நாங்க ஒருத்தரை ஒருத்தர் சொல்றமே, அது சாட்சி ஆகாதுங்களா?" என்றார் மயில்சாமி.

"முன்னாடி ஆச்சுங்க. திருட்டுக் கும்பல் அதையே பண்ண ஆரம்பிச்சிருச்சு. இல்லாத ஆளுங்க ரெண்டு பேரை உண்டாக்கி, இவன் இருக்கான்னு அவனும், அவன் இருக்கான்னு இவனும் சொல்ற மாதிரி பண்ணிட்டாங்க. எண்ணிப் பாத்தா ரெண்டு பேருக்கும் சாட்சி இருக்கும். அதனால இப்ப எண்றதில்லைங்க. வேலை செய்யறவங்க, பள்ளிக்கூடத்துல படிக்கறவங்க, இப்படி உறுதியாத் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கறோம். அவங்க சொல்ற பேரு, அந்தப் பேரு சொல்ற பேருன்னு போயிட்டே இருப்போம். அப்படிப் போயி எட்டற ஆளெல்லாம் இருக்காங்க. எட்டாதவங்க..."

"செத்தவங்க கணக்கு."

"மூடிருவோங்க."

அவர் இரண்டு கைகளையும் கோத்துப் பார்த்தார். "அப்ப நாங்க ரெண்டு பேரும் கையைப் புடிச்சுட்டு நின்னாப் பத்தாது. ஒருத்தன் காலாச்சும் தரையில இருக்கோணும்ங்கறீங்க."

பயிற்சி வகுப்பில் மிருதுளா இதைப் பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் நடத்துவாள். பாதிப் பேருக்குப் புரியாது.

"அப்படின்னா, உங்க மூணுல ஒரு எடத்துல எங்கள்ல ஒருத்தன் பேரை எழுதினீங்கன்னா? நீங்க வேலையில இருக்கறீங்க. என்னை எழுதினா எம் பேர்ல இருந்து அவன் பேருக்குப் போயிருமில்லீங்களா? நீங்க சொன்னபடி பாத்தா ரெண்டு பேரும் தப்பிச்சுக்குவமே."

சொன்னது முழுக்கச் சரி. போனை எடுத்து ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மிருதுளாவின் மூன்று பெயர்கள் மகள் தியா, கணவன் கௌதம், மாமியார் ருக்மணி. மூன்று பேருக்கும் சொல்ல ஊரே இருந்தது. ஆனாலும் மாமியாரை எடுத்தால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இரண்டாவதாக, இந்த மனிதரைப் பார்த்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை என்று தோன்றியது. மூன்றாவதாகத் தோன்றியதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அதையே வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்கு மூணும் நிறைஞ்சிருச்சுங்க. ஆனா இதை நான் அப்படியே விடமாட்டேன். இது எங்க புரோகிராம்ல இருக்கற தப்பு. நானே சரி பண்றேன். உங்களுக்கு மட்டுமில்ல, உங்களை மாதிரி இருக்கற அத்தனை பேருக்கும்."

"நெம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டார் மயில்சாமி. முழுசாக நம்பினார்.

மேலே அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணக்கெடுத்துப் பார்த்தாள். இரண்டிரண்டு பேராக, ஒருவரை ஒருவர் மட்டுமே சொல்லி, அதனால் மூடப்பட்டவர்கள் தமிழ்நாடு முழுக்க நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் எத்தனை மயில்சாமி, எத்தனை பேய் என்று யாருக்கும் தெரியாது.

நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் பர்வீன் அக்காவிடம் அந்த எண்ணைக் காட்டினாள். பர்வீனுக்கு ஐம்பது வயது. மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதே தொழில் என்பதால் நாக்கும் அப்படித்தான் இருக்கும்.

"நாம இதைச் சோதிக்கவே இல்லையேக்கா. மூணு பேரு, பத்து பேரு, நூறு பேரு சேந்த கும்பலெல்லாம் பாத்தோம். ரெண்டே பேரு, நெஜமான ரெண்டு பேரு, இப்படி இருப்பாங்கன்னு யாருக்குமே தோணலை பாருங்க."

"நமக்கெல்லாம் புருசன், புள்ளை, நாத்தனார்னு கெடக்கு. எப்படித் தோணும்?" என்றாள் பர்வீன். "சரி, அந்த டயாலிசிஸ் ஆளுக்கு என்ன பண்ணப்போற? சிஸ்டத்துல போயி அவரு பதிவை மட்டும் திறந்து விட்றலாமா?"

"ஓடற சிஸ்டத்துல கை வைக்கக்கூடாதுன்னு நாமதானே எழுதி ஒட்டியிருக்கோம்."

உண்மைதான். மிருதுளாவே போட்ட விதி அது. ஐந்து வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் நல்ல மனசோடு ஒரே ஒரு ஆளுக்காக நேரடியாக ஒரு திருத்தம் செய்யப்போய், ஒரு தாலுகா முழுக்க பஸ் பாஸ் வேலை செய்யாமல் போயிற்று. அன்றைக்குப் பொதுத்தேர்வு. அதற்கப்புறம் எந்த மாற்றமானாலும் எழுதி, இன்னொருவர் படித்து, சோதித்து, மாதம் பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்குத்தான் வெளியே போகும்.

"இன்னைக்குத் தேதி மூணு" என்றாள் பர்வீன்.

"தெரியுங்க்கா."

"உன் சொந்தப் பேரைப் போட்டு விட்றலாமே. அது சிஸ்டத்துல கை வைக்கறது இல்லையே. ஒரு நிமிஷ வேலை."

"அது ஒட்டுப்போடற வேலைக்கா. இவருக்கு நான் போட்டேன்னா, மிச்சம் நாலாயிரத்து முந்நூறு பேருக்கு யாரு போடுவா? தப்பை வேர்ல சரி பண்ணணும்."

பர்வீன் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இந்த இடத்தில் இன்னும் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம் என்று பர்வீனும் பின்னால் பலநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பன்னிரண்டு நாட்களும் மிருதுளா சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். பல மாதங்களாகக் கூட்டங்களும் அறிக்கைகளுமாக இழுபட்டுக் கிடந்தவளுக்குத் திரும்ப உட்கார்ந்து எழுத ஒரு வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை, நியாயமான வேலை. இரண்டே பேர் இருக்கிற தீவு கண்ணில் பட்டால் சீமாறு அதைத் தொடக்கூடாது. பதிலாக, குலுக்கல் முறையில் அந்த வட்டாரத்துக்காரர்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். மூன்று பேரும் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஏற்கனவே மூடியவர்களையும் தற்காலிகமாகத் திறந்துவிட வேண்டும். எழுத எழுத அழகாக வந்தது. நாற்பது வரியில் எழுதியதை இருபத்தாறு வரியில் அடக்கினாள். காலையில் பல் துலக்கும்போது ஒரு யோசனை வந்து, துலக்கியதும் துலக்காததுமாக ஓடிப்போய்க் குறித்து வைத்தாள். "என்னம்மா, பாட்டெல்லாம் பாடற?" என்று தியா கேலி செய்தாள்.

ஒன்பதாம் தேதி மயில்சாமி மறுபடி பேக்கரியில் காத்திருந்தார். போன் பேச அவருக்கு எண் இல்லை. பஸ் ஏறவும் முடியாது. சிங்காநல்லூரிலிருந்து மையம் இருக்கிற சரவணம்பட்டிக்கு நடந்தே வந்திருந்தார். அதே சட்டைதான், இஸ்திரி மட்டும் இல்லை.

"நர்ஸம்மா ஒருத்தங்க வேற ஒருத்தர் நம்பர்ல அஞ்சாந்தேதி ஒருக்கா போட்டு வுட்டாங்க. இன்னொருக்கா முடியாதுன்னுட்டாங்க. பாவம், அவிங்களும் பொழைக்கோணுமில்லீங்க. இவனுக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தேதான் தூங்கறான்."

"தனியார் ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்கறேன், இருங்க" என்று மிருதுளா அங்கேயே நின்று தெரிந்த டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் நல்ல மனிதர். ஆனால் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் மூடிய எண்ணுக்கு இயந்திரம் ஓடாது, மருந்து அலமாரி திறக்காது. அவர் அதைச் சொன்னபோது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வடிவமைத்த குழுவில் தானும் இருந்தது மிருதுளாவுக்கு நினைவு வந்தது.

"பதினஞ்சாந்தேதிங்க. காலைல பதினோரு மணி. எல்லாம் தயாரா இருக்கு, சோதனை மட்டும்தான் பாக்கி. அன்னைக்கே மிஷின் ஓடும்."

மயில்சாமி விரல் விட்டு எண்ணினார். "ஆறு நாளு. இருந்துக்குவானுங்க. மழையில ஒரு நாளைக்கு நாப்பது ஆர்டர் எடுத்தவன்." அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்தப் பேரு விசயம்... அன்னைக்குக் கேட்டனே, அது சங்கடம்னா வேண்டாமுங்க" என்றார்.

"சங்கடம்னு இல்லீங்க. ஆறு நாள்ல நெரந்தரமாவே சரியாயிரும். அதுக்குள்ள எதுக்கு?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மிருதுளா தன் நண்பி ஒருத்தியின் காரில் அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள்.

அன்று மாலை அவள் போனை எடுத்துச் சாட்சிப் பக்கத்தைத் திறந்தது உண்மை. மூன்றாவது இடத்தில் ருக்மணி என்று இருந்தது. பெயர் மேல் விரலை வைத்தாள். மாற்றவா என்று போன் கேட்டது. திருத்தத்தை எழுதுகிறவளே அதில் சம்பந்தப்பட்ட ஒருவருக்குச் சாட்சியாகவும் இருந்தால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வருமோ என்று ஒரு யோசனை. ஊருக்கே வழி போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவருக்குக் குறுக்குச் சந்து எதற்கு என்று இன்னொரு யோசனை. தியா கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்தாள். மிருதுளா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சந்தேகம் தீர்க்கப் போனாள். யோசித்துப் பார்த்தால் அந்த இரண்டு யோசனைகளையும் எதிர்த்து அவள் மனசுக்குள் ஒரு குரல்கூட எழவில்லை. அதுதான் அவளால் பிற்பாடு தாங்க முடியாமல் போனது.

பதினைந்தாம் தேதி பதினோரு மணிக்குத் திருத்தம் வெளியானது. ஒரு பிசிறு இல்லை. பதினொன்று ஏழுக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் திறந்தன. குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள். பர்வீன்கூடத் தட்டினாள். மிருதுளா மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் காரில் சிங்காநல்லூருக்குக் கிளம்பினாள். நல்ல செய்தியை நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசை.

சந்துக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தாள். ஏழெட்டு நாற்காலிகள், இரண்டில்தான் ஆள். வீட்டுக்காரம்மாவும் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள் செபாஸ்டினைக் கட்டிலில் கிடத்தியிருந்தது. நல்ல உயரமான மனிதர். அவரை மிருதுளா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"விடியால நாலு மணிக்குங்க" என்றார் மயில்சாமி. அழுது முடித்த முகம். "உக்காருங்க அம்முணி."

அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. "திறந்துருச்சுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அதை ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க, தெரியும். காலைல வந்த கல்லறைக்காரரு நம்பர் எடுக்க மாட்டீங்குது, குழி குடுக்க முடியாதுன்னாரு. அப்பறம் பதினோரு மணிக்கு மேல பாத்தா எடுத்துருச்சு. அதுல எறப்பைப் பதிஞ்சாச்சு. சாய்ங்காலம் எடுத்தர்லாம்னுட்டாங்க. உங்க புண்ணியமுங்க."

குத்திக் காட்டுகிறாரா என்று மிருதுளா அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. உண்மையாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுதிய அழகான இருபத்தாறு வரிகளால் முதலில் நடந்த காரியம் ஒரு மரணத்தைப் பதிந்துகொண்டதுதான்.

"அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

மயில்சாமி கட்டிலில் இருந்தவரின் போர்வையை இழுத்து நேராக்கினார். "நேத்து சாய்ங்காலம் கேட்டானுங்க. அந்தம்மா நம்ம பேரை எழுதினாங்களாடான்னு. எழுதிப்போட்டாங்கடா, நாளைக்கு மிஷினு ஓடும்னு சொன்னனுங்க. சிரிச்சான். நமக்குன்னு ஒரு ஆளு இருக்குது பாரு மயிலுன்னான்."

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் சொல்லியிருந்தால், திட்டியிருந்தால், இரண்டு அடி அடித்திருந்தால்கூட மிருதுளா வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். அன்றைக்கு அவள் சந்து முனையில் காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெட்டிக்கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

காருக்குள் உட்கார்ந்தபடியே பெயரை மாற்றினாள். ருக்மணியை எடுத்துவிட்டு மயில்சாமி என்று எழுதினாள். செபாஸ்டின் போய்விட்டபடியால் இனி மயில்சாமியைச் சொல்ல உலகத்தில் ஒருவருமில்லை. தனி ஆளுக்குச் சீமாறு முன்பும் இரங்கியதில்லை, திருத்தத்துக்குப் பின்பும் இரங்காது. இரண்டு பேராக இருந்தால்தான் குலுக்கல்.

வீட்டில் மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதுக்கென்ன கண்ணு, எடுத்துட்டுப் போ" என்றாள் ருக்மணி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "என்னை ஒம்பது பேரு சொல்றாங்க. பாவம், அந்தாளுக்கு அன்னைக்கே போட்டிருக்கலாமே. நாங் கேட்டா வேண்டாம்னு இருப்பேன்?"

மிருதுளா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மாதா மாதம் அவள் சிங்காநல்லூர் போனாள். கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமே. முதல் தடவை மயில்சாமி டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தபடி குடித்தார்கள். இரண்டாம் தடவை வாசலிலேயே நின்றார். "பாத்துட்டீங்கல்ல, போதுங்க. வேலையைக் கெடுத்துட்டு வாராதீங்க" என்றார். கோபம் இல்லை. ஆனால் உள்ளே கூப்பிடவும் இல்லை. மூன்றாம் தடவை கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருமல் கேட்டது. அவள் தட்டினாள், இருமல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள், ஒன்றாம் தேதி கேள்விக்கு 'ஆம்' அழுத்தினாள். இருமலைக் கேட்டது பார்த்ததில் சேருமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

நான்காம் தடவை கதவில் பூட்டு தொங்கியது.

"போன மாசமே காலி பண்ணிட்டாருங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. "ஒரு பையைத் தூக்கிட்டுப் போனாரு. எங்கீங்கன்னு கேட்டேன். அவன் இல்லாத ரூம்ல இருக்க முடியிலீங்கன்னாரு. ஊருப்பேரு சொல்லலை."

அலுவலகத்துக்கு வந்து மிருதுளா அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். ஒரு தனி மனிதரின் பதிவைத் திறந்து, அவர் எண் எங்கெங்கே பயன்பட்டது என்று பார்த்தாள். பார்க்கக்கூடாது, விதி இருக்கிறது. விதி போட்டவர்களில் அவளும் ஒருத்தி. ரேஷன் வாங்கவில்லை. பஸ் ஏறவில்லை. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, சத்திரம் எதுவும் இல்லை. நாற்பத்தொரு நாட்களாக மயில்சாமி என்கிற எண் எந்தக் கதவிலும் போய் நிற்கவில்லை. எங்காவது யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்கிற மனிதராக இருக்கலாம். எங்காவது விழுந்து, பெயர் தெரியாதவர்களோடு சேர்த்து எடுக்கப்பட்டவராகவும் இருக்கலாம். ஏட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

பர்வீன் பின்னால் வந்து நின்றிருந்தாள். திரையைப் படித்துவிட்டாள்.

"மிருதுளா, யாரும் பாக்காத ஆளு, எதையும் தொடாத நம்பரு, ஒரே ஒரு சாட்சி. நாம இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கோம்?"

"பேய்ப் பேரு."

"நாளைக்கு ஒண்ணாந்தேதி. கேள்வி வரும்."

"தெரியுங்க்கா."

"பொய்ச் சாட்சின்னு மாட்டினா உன் பதிவு ஒரு வருஷம் மூடிக்கும். வேலையும் போயிரும். உன் பொண்ணு ஃபீஸ்ல இருந்து உன் வாசக்கதவு வரைக்கும் நிக்கும். தெரியுமில்ல?"

"என்னைத் தாங்க ஆளிருக்கறாங்கக்கா. எப்படியாச்சும் ஓட்டிருவேன். அவருக்கு எங்கியாச்சும் ஒரு நாள் ஒடம்பு முடியாமப் போயி, ஏதோ ஒரு ஊரு ஆஸ்பத்திரியில நம்பரைச் சொன்னா, மிஷின் ஓடணும்."

பர்வீன் கை நீட்டித் திரையை அணைத்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள். சந்தேகச் சாட்சிகளின் பட்டியல் மாதா மாதம் பர்வீனிடம்தான் வரும். அந்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. மிருதுளாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பூட்டைப் பார்த்ததற்கு மறுநாள், ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, எல்லோர் போனும் ஒன்றாகச் சத்தமிட்டது. தியாவுக்கு ஆம். கௌதமுக்கு ஆம். மூன்றாவது பெயர் வந்தது. மயில்சாமி, எழுபத்தொரு வயது, கோயம்புத்தூர். இவரைக் கடந்த மாதம் நேரில் பார்த்தீர்களா?

இல்லாதவர்களை இருப்பதாகச் சொல்கிறவர்களைப் பிடிக்கத்தான் அவள் வாழ்க்கையின் நல்ல வருடங்களைச் செலவழித்து அந்த நிரலை எழுதினாள். ஒருவரைப் பார்க்காமலேயே இருக்கிறார் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ என்று கேக் வெட்டிய அன்று மேடையில் பேசியிருக்கிறாள். மிருதுளா ஆம் என்பதை அழுத்தினாள். சரி, நன்றி என்று போன் சொன்னது. மணியைப் பார்த்தாள். கேள்வி வந்து பதில் போவதற்குள் நாலு விநாடிகூட ஆகியிருக்கவில்லை.